மண்ணெண்ணெயில் ஓடிய லாண்ட் றோவர்

கரவெட்டியில் எனது மாமாவின் வளவில், இரண்டு மாமரங்களுக்கு இடையே இறக்கப்பட்டிருந்த தகரக் கொட்டிலில், 1959ஆம் ஆண்டுத் தயாரிப்பான லாண்ட் றோவர் ஒன்று 14 ஆண்டுகள் அசையாமல் நின்றது. மாமா 2011இல் காலமானார். அதன் பின்னர் அந்தக் கொட்டிலுக்குள் சென்றவை மாமியின் கோழிகள் மட்டுமே. 2020 மார்ச் மாதத்தில் கொரோனா ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, மாமியைப் பார்க்கச் சென்றிருந்த நான் அங்கேயே தங்க நேர்ந்தது. பத்திரிகைத் தொழிலில் முப்பது வருடங்களைக் கழித்த எனக்கு, செய்தி தேடி வெளியே போக முடியாத அந்த நாட்களில் பொழுது நகர மறுத்தது. ஒரு காலையில் கோழிகளைத் துரத்திவிட்டு வண்டியின் முன்மூடியைத் திறந்தேன்.

நான் மெக்கானிக் அல்லன். பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்தில் படித்தவன். சைக்கிளுக்குச் செயின் மாட்டுவதற்கு மேல் இயந்திரங்களோடு எனக்கு உறவு இருந்ததில்லை. ஆயினும் மூன்று வருடங்களுக்குப் பின்னர் அந்த வண்டி மீண்டும் வீதியில் ஓடியது. அதனைத் திருத்தி எடுத்த முயற்சியையும், அதனுள்ளே நான் கண்ட வரலாற்றையும் எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் சில காலமாகவே உறுத்திக்கொண்டிருந்தது.

லாண்ட் றோவரின் பிறப்பே பற்றாக்குறையில் இருந்து தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்கா ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப் வண்டிகளைத் தயாரித்தது. போர் முடிந்ததும் அவற்றுள் பல மலிவு விலையில் பொதுமக்களின் கைக்கு வந்தன. பிரித்தானியாவின் றோவர் கார் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளரான மொறிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்ஸி தீவிலுள்ள தமது பண்ணையில் அத்தகைய பழைய ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அது தேய்ந்து போனால் அடுத்து என்ன வாங்குவது என்ற கேள்வி எழுந்தபோது, அதற்கு ஈடான பிரித்தானிய வண்டி எதுவும் இருக்கவில்லை. 1947இல் அத்தீவின் ரெட் வார்ஃப் குடாக் கடற்கரை மணலில் அவர் கீறிக் காட்டிய உருவமே லாண்ட் றோவரின் முதல் வரைபடம் என்பர்.

போரில் வென்ற பிரித்தானியா அப்போது கடனாளியாக இருந்தது. உருக்குக் கட்டுப்பாட்டு முறையில் பங்கிடப்பட்டது. ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி ஈட்டும் நிறுவனங்களுக்கே அதில் முன்னுரிமை. அலுமினியமோ போதிய அளவு கிடைத்தது. ஆகவே வண்டியின் உடலை அலுமினியக் கலப்பு உலோகத்தால் செய்தனர். விலை உயர்ந்த அச்சுகள் வாங்க வசதியில்லாததால், தகடுகளை இயன்றவரை நேராக வெட்டி, எளிமையாக வளைத்தனர். சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்தைக்கூட உருக்குப் பட்டைகளை வெட்டிப் பெட்டி வடிவில் ஒட்டியே ஆக்கினர். தொடக்க கால வண்டிகளுக்குப் பூசப்பட்ட இளம்பச்சை, போர் விமானங்களின் உட்புறத்துக்கென வாங்கி மிஞ்சிய வர்ணம் என்று சொல்வதுண்டு. 1948 ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்ரர்டாம் மோட்டார் கண்காட்சியில் அந்த வண்டி அறிமுகமானது. கார் விற்பனை சீராகும்வரை இரண்டு மூன்று வருடங்கள் செய்து விற்கலாம் என்பதே நிறுவனத்தின் எண்ணம். ஆனால் அந்தப் பரம்பரையின் கடைசி வண்டி சொலிஹல் தொழிற்சாலையில் இருந்து வெளிவந்தது 2016 ஜனவரி 29ஆம் திகதியன்று. இடைப்பட்ட 68 வருடங்களில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் தயாராகியிருந்தன.

அதே 1948இல்தான் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், மலையகத் தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கான தமிழரை நாடற்றவராக்கியது. லாண்ட் றோவர் நம் நாட்டில் முதலில் பெரிதாக வேரூன்றியதும் அந்தத் தோட்டங்களிலேதான். செங்குத்தான தேயிலைச் சரிவுகளில், மழையில் கரையும் மண் பாதைகளில், நான்கு சில்லுகளும் இழுக்கும் வண்டி துரைமாருக்குத் தேவைப்பட்டது. அந்தப் பாதைகளை வெட்டியவர்கள் வண்டி வருவதைக் கண்டால் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள்.

மாமாவின் வண்டியும் தோட்டத்தில் இருந்து வந்ததே. அதன் கதவில் நான் உப்புத்தாள் தேய்த்தபோது வர்ணங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக வெளிப்பட்டன. மேலே தூரிகையால் பூசிய மங்கலான கரும்பச்சை, அதன் கீழே சாம்பல், அதற்கும் கீழே லாண்ட் றோவருக்கே உரிய பளபளப்பான கரும்பச்சை. அந்த அடிப்படையின் மீது வெள்ளை எழுத்துகள் மூன்று மங்கலாகத் தெரிந்தன. தோட்டத்தின் பெயரில் மிஞ்சியது அவ்வளவுதான்.

இலக்கத் தகட்டிலும் ஒரு வரலாறு இருந்தது. 1958 ஜனவரியில் இருந்து புதிய வாகனங்களின் பதிவிலக்கத்தில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துக் கட்டாயமாயிற்று. வடக்கில் தமிழரசுக் கட்சி ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டத்தை நடத்தியது. அந்த எழுத்தின் மீது தார் பூசப்பட்டது. தமிழ் 'ஸ்ரீ' பொறித்து வாகனங்கள் ஓடின. ஏப்ரல் மாதத்தில் பண்டா - செல்வா ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. மே மாதத்தில் இனக்கலவரம் வெடித்தது. எங்கள் வண்டி அதற்கடுத்த வருடம் தயாரானது. எனவே பிறக்கும்போதே அந்த எழுத்தைச் சுமந்துகொண்டு வீதிக்கு வந்தது.

மாமா அதனை 1973இல் வாங்கினார். அந்தக் காலத்தைப் பற்றி இளைய வாசகர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். 1970இல் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராததால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரின் கையில் பணம் புழங்கியது. கிளிநொச்சியில் காணி பெற்றுப் பயிர் செய்தவர்களுக்கும் நல்ல காலம். மாமாவும் அவர்களில் ஒருவர். கையில் பணம் இருந்தது. வாங்குவதற்குப் புதிய வாகனம் இருக்கவில்லை. அதேவேளை 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டத்தின் பின்னர் தோட்டத் துரைமார் பலர் ஊர் திரும்பத் தொடங்கியிருந்தனர். அப்படிக் கைமாறியதே இந்த வண்டி. இரணைமடுக் குளத்தின் கீழிருந்த வயலுக்கும் கரவெட்டி வீட்டுக்கும் இடையே உரமும் நெல்லும் செத்தல் மிளகாயும் ஏற்றி, 1990 வரை அது ஓடியது.

இனி எனது மெக்கானிக் படிப்புக்கு வருகிறேன். முதற்பாடம் அவமானகரமானது. அயலவர் ஒருவரின் பற்றறியை இரவல் வாங்கி, இக்கால வழக்கப்படி அதன் எதிர்முனையை வண்டியின் உடலோடு இணைத்தேன். வயர் ஒன்று புகைந்தது. அக்கால லாண்ட் றோவர்களில் நேர்முனையே உடலோடு சேர வேண்டும் என்பதை அன்றிரவுதான் கைந்நூலில் வாசித்தேன். எதையும் தொடுமுன் வாசிக்க வேண்டும் என்பது அன்றுமுதல் விதியாயிற்று.

இரண்டாவது பாடம் ஸ்பானர்கள் பற்றியது. நான் கடையில் வாங்கிய மில்லிமீற்றர் ஸ்பானர்கள் ஒன்றும் பொருந்தவில்லை. 1950களின் பிரித்தானிய வண்டிகளில் விற்வொர்த் அளவும் அமெரிக்க அங்குல அளவும் கலந்திருந்தன. நெல்லியடியில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்ற முதிய மெக்கானிக் ஒருவர், எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்த தமது ஸ்பானர்களை எனக்குத் தந்தார். வேலையைச் செய்து தரமாட்டார். நாற்காலியில் இருந்தபடி, "நீங்களே கழட்டுங்கோ தம்பி. கழட்டினவனுக்குத்தான் பூட்டத் தெரியும்" என்பார். ஒவ்வொரு நற்றையும் போல்ற்றையும் தனித்தனி ஐஸ்கிறீம் பெட்டியில் இட்டு, இடத்தின் பெயரை எழுதி ஒட்டும் பழக்கம் அவரிடம் கற்றதே.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று எண்ணி மகிழ்ந்திருந்தேன். அதில் பாதியே உண்மை. அலுமினியத் தகடும் உருக்குச் சட்டமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் ஈரம் சேர்ந்தால், இரண்டுக்கும் இடையே மின்வேதியியல் தாக்கம் ஏற்பட்டு அலுமினியம் வெண்மையான மாவாகக் கரைகிறது. பருத்தித்துறைக் கடலின் உப்புக் காற்று அந்த வேலையை நன்றாகவே செய்திருந்தது. சேசிஸின் பின் குறுக்குச் சட்டம் விரலால் குத்தினால் உதிர்ந்தது. பிறேக் குழாய்கள் பொருமியிருந்தன. அந்த வண்டியில் நான்கு சில்லுகளின் பிறேக்கும் ஒரே குழாய்த் தொடரில் இயங்குபவை. ஓரிடத்தில் வெடித்தால் நான்கும் போய்விடும். இவற்றை மாற்றுவதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. லண்டனில் உள்ள மாமாவின் மகன், எனது மச்சான், உதிரிப்பாகங்களை வாங்கிப் பொதி பொதியாக அனுப்பினான்.

தயக்கம் என்ஜினைத் திறந்தபோது தொடங்கியது.

2,286 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் பெற்றோல் என்ஜின் அது. மேற்பகுதியாகிய ஹெட்டைக் கழற்றியபோது, அதன் கீழே இருக்க வேண்டிய ஒரு காஸ்கற்றுக்குப் பதிலாக இரண்டு இருந்தன. யாரோ மறதியில் செய்த பிழை என்று எண்ணினேன். முதியவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பிழை இல்லைத் தம்பி. இது தடை காலத்து வேலை" என்றார்.

1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியபோது யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல், டீசல், பற்றறி, உதிரிப்பாகங்கள் எல்லாம் தடைப் பட்டியலில் இருந்தன. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்திய அளவில் கிடைத்தது. அதுவும் கொள்ளை விலை. பஞ்சைத் திரியாக்கி, ஜாம் போத்தலுக்குள் சில துளி மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் நம் பிள்ளைகள் படித்தார்கள். அச்சுத்தாள் கிடைக்காமல், பாடசாலைக் கொப்பிகளின் கோடிட்ட தாளில் நாங்கள் பத்திரிகை அச்சிட்டோம். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்து வீதிகளில் ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின.

அந்த வித்தை நம்மவருக்கு எங்கிருந்து வந்தது? தோட்டத்துக் கிணற்றடியில் இருந்து வந்தது. நீரிறைக்கும் இயந்திரங்கள் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுபவை. பெற்றோல் இலகுவில் ஆவியாகும். மண்ணெண்ணெய் ஆவியாகச் சூடு வேண்டும். எனவே சிறிதளவு பெற்றோலில் என்ஜினைத் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்த ஒவ்வொரு விவசாயிக்கும் தெரிந்த இந்த உண்மை, தடை வந்தபோது கார்களுக்கு மாற்றப்பட்டது.

கார் என்ஜினில் வேறொரு சிக்கலும் உண்டு. பிஸ்ரனின் அமுக்கத்தில் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முந்தி வெடித்து, சம்மட்டியால் அடிப்பதுபோல ஓசை எழுப்பும். அமுக்கத்தைக் குறைத்தால் அது தணியும். இரண்டாவது காஸ்கற்றின் நோக்கம் அதுவே. ஹெட்டைச் சற்று உயர்த்தி, அமுக்கத்தைக் குறைத்திருக்கிறார் மாமா. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர்.

அதன்பின் நான் வண்டியைப் பார்த்த விதம் மாறிற்று. ஒரு நிருபர் ஆவணத்தைப் பார்ப்பதுபோல் பார்க்கத் தொடங்கினேன். என்ஜின் அருகே உருக்குச் சுவரில் பால்மாத் தகரப்பேணி ஒன்று பூட்டப்பட்டிருந்தது. அதன் அடியில் ஒரு பித்தளைத் திருகு. அதில் இருந்து காபரேற்றருக்கு ஆஸ்பத்திரிச் சேலைன் குழாய் ஒன்று சென்றது. தொடக்குவதற்கான பெற்றோலுக்கு மாமா செய்த தொட்டி அது. சாரதியின் கால் வைக்கும் இடத்தில் துருப்பிடித்த ஓட்டையை, நிவாரணச் சமையல் எண்ணெய்த் தகரத்தை வெட்டி, அலுமினிய ஆணி அடித்து மூடியிருந்தார். தகரத்தின் எழுத்துகள் உட்புறத்தில் தலைகீழாகத் தெரிந்தன. வெள்ளையாக இருந்த கூரையைக் கரும்பச்சையாக்கியதும் அக்காலத்திலேதான். வானில் இருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் படக்கூடாது என்பது காரணம். பற்றறி கிடைக்காதபோது, முன் பம்பரில் உள்ள துவாரத்தினூடாக இரும்புக் கைபிடியைச் செருகிச் சுழற்றியே வண்டியைத் தொடக்கினார். அந்தக் கைபிடியில் அவர் பிடித்த இடம் மட்டும் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது.

எனக்கு அந்த வண்டியோடு ஒரு கடன் கணக்கும் உண்டு. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, வலிகாமத்தில் இருந்து இலட்சக்கணக்கான மக்கள் ஒரே இரவில் வெளியேறினார்கள். செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் மழைக்குள் ஊர்ந்த அந்தச் சனத்திரளில் நானும் அம்மாவும் இருந்தோம். அம்மாவைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு விடியும்போது கைதடியை அடைந்தேன். அங்கே சந்தியில், முகப்பு விளக்கின் மேற்பாதியில் கரி பூசிய நிலையில், அந்த லாண்ட் றோவர் நின்றது. மாமா எங்களைத் தேடிச் சனத்துக்குள் நடந்து திரிந்தார்.

அன்று அந்தச் சிறிய வண்டியில் 14 பேர் ஏறினோம். எங்கள் உறவினர் நால்வர். மற்றவர்கள் வழியில் நடக்க முடியாமல் இருந்த முதியவர்கள். கொடிகாமம், வரணி ஊடாகக் கரவெட்டிக்குச் சேர்ந்தோம். எங்களை இறக்கிவிட்டு மாமா மறுபடியும் கைதடிக்குப் போனார். அதற்கான மண்ணெண்ணெய் எங்கிருந்து வந்தது என்று அன்று நான் கேட்கவில்லை. வண்டியைத் திருத்திக்கொண்டிருந்தபோதே மாமியிடம் கேட்டேன். அயல் வீடுகளில் விளக்கெரிக்க வைத்திருந்ததை ஒரு போத்தல், அரைப் போத்தல் என்று கொண்டுவந்து ஊற்றினார்கள் என்றார். அந்தக் கிழமை முழுவதும் எங்கள் ஒழுங்கையில் பல வீடுகள் இருட்டில் கிடந்தனவாம்.

இந்த இடத்திலேதான் மச்சானுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு வந்தது. அவனது விருப்பம் நியாயமானது. 1959இல் தொழிற்சாலையை விட்டு வெளியேறியபோது எப்படி இருந்ததோ அப்படியே வண்டி இருக்க வேண்டும். தகரம், பேணி, சேலைன் குழாய் எல்லாம் போக வேண்டும். கூரை வெள்ளையாக வேண்டும். "அப்பாவின்ரை வண்டி பிச்சைக்காரக் கோலத்திலை நிக்கக்கூடாது மச்சான்" என்று தொலைபேசியில் சொன்னான். அவன் 1989இல் நாட்டை விட்டுப் போனவன். தடை காலத்து யாழ்ப்பாணத்தை அவன் காணவில்லை. பணம் அனுப்புபவனும் அவனே. நான் உடனே மறுத்துப் பேசவில்லை.

பழைய வண்டிகளைத் திருத்துவோரிடையே இது உலகெங்கும் உள்ள வாதம். 1948 அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் நின்ற லாண்ட் றோவர்களில் ஒன்று, பின்னாளில் வேல்ஸில் ஒரு வயலில் கைவிடப்பட்டு, இறுதியில் சொலிஹல் அருகே ஒரு வீட்டுத் தோட்டத்தில் கண்டெடுக்கப்பட்டது. 2018இல் அதனைத் திருத்தப்போவதாக அறிவித்த அதே நிறுவனம், அதன் மூலத் தகடுகளில் காலம் பதித்த தோற்றத்தைக் காப்பாற்றுவோம் என்று கூறியது. இன்னொன்று, 1955 செப்ரெம்பரில் ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிறிட்ஜ் மாணவர் அறுவர் இரண்டு லாண்ட் றோவர்களில் லண்டனில் இருந்து புறப்பட்டு, மறு வருடம் மார்ச்சில் சிங்கப்பூரை அடைந்த கதை. அவற்றுள் 'ஒக்ஸ்ஃபோர்ட்' என்ற வண்டி அத்திலாந்திக் சமுத்திரத்தில் சென் ஹெலினா தீவில் சிதைந்து கிடந்தது. அதனை மீட்டுத் திருத்தி, 2019இல் சிங்கப்பூரில் இருந்து லண்டனுக்கு ஓட்டி வந்தார்கள். முதற் பயணத்தில் சென்ற ரிம் சிலெஸரின் பேரன் அதில் வந்தான். அந்த வண்டியின் மதிப்பு அது போய்வந்த தூரத்தில் இருக்கிறது. நம் வண்டியோ கடல் கடந்து எங்கும் போகவில்லை. கைதடிக்கும் கரவெட்டிக்கும் இடையே இரண்டு முறை ஓடியது. அந்தத் தூரத்துக்கான சான்று ஒரு தகரப்பேணியும் இரண்டு காஸ்கற்றுகளுமே.

முடிவைச் சொன்னவர் மாமி. நான் கால்வைக்கும் இடத்துத் தகரத்தின் ஆணியைத் துளைக்கத் தொடங்கிய ஓசை கேட்டு, குசினியில் இருந்து வந்தார். "தம்பி, அதைக் கழட்டிப்போடாதை. உன்ரை மாமா ஒரு பின்னேரம் முழுக்க இருந்து அடிச்சது. அந்த எண்ணெயிலை பொரிச்ச அப்பளம்தான் அண்டைக்கு எங்களுக்குக் கறி" என்றார். துளைகருவியைக் கீழே வைத்தேன்.

என்ஜின் வேலை 2022 ஏப்ரலில் முடிந்தது. ஆனால் அது இலங்கையில் பெற்றோல் இல்லாத காலம். நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த மாதம் அது. எரிபொருள் நிலையங்களில் மைல் கணக்கில் வரிசை. வண்டியின் தொட்டியை நிரப்புவது கனவு. இரண்டு வாரங்களின் பின்னர், முதியவர் தமது மோட்டார் சைக்கிளில் இருந்து ஒரு போத்தல் பெற்றோலை எடுத்து வந்தார். ஒரு போத்தல் பெற்றோலைப் பெரிய தொட்டிக்குள் விட்டால் குழாயின் வாய்க்கே எட்டாது. இருவரும் ஒரே நேரத்தில் அந்தப் பால்மாப் பேணியைப் பார்த்தோம். சேலைன் குழாய் இறுகி வெடித்திருந்தது. நெல்லியடி மருந்துக் கடையில் புதிதாக ஒன்று வாங்கிவந்து மாட்டினேன். பற்றறிக்கு அப்போது சொன்ன விலை எனது ஒரு மாதச் சம்பளத்தை நெருங்கியது. எனவே கைபிடியைச் செருகிச் சுழற்றினேன். பொறிக்கு மட்டும் அயலவரின் பழைய பற்றறி, இம்முறை நேர்முனை உடலில். ஏழாவது சுற்றில் என்ஜின் ஒருமுறை தும்மி, பின் பற்றிக்கொண்டது. நான்கு நிமிடம் ஓடியது. மாமி முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று எடுத்த ஒளிப்படத்தையும், பேணி வேலை செய்த விதத்தையும் மச்சானுக்கு எழுதினேன். அவன் பதில் அனுப்பவில்லை. 2023 ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தான். வந்த அன்றே கொட்டிலுக்குப் போய், சாரதி இருக்கையில் ஏறி, குனிந்து அந்தத் தகரத்தின் தலைகீழ் எழுத்துகளை வாசித்தான். வெகுநேரம் அங்கேயே இருந்தான். பின்னர், "கூரையும் பச்சையாவே இருக்கட்டும்" என்றான்.

இப்போது வண்டியின் நிலை இது. பிறேக், சேசிஸ், ரயர், ஸ்ரியரிங் என உயிர் தங்கியிருக்கும் பாகங்கள் யாவும் புதியவை அல்லது புதியவைபோலத் திருத்தப்பட்டவை. பெற்றோலில் ஓடுவதால் ஹெட்டின் கீழ் ஒரு காஸ்கற்றே உண்டு. மற்றையது சட்டமிட்டு மாமாவின் படத்துக்கு அருகில் மாட்டப்பட்டிருக்கிறது. கால்வைக்கும் தகரத்தின் கீழே புதிய தகடு ஒட்டிப் பலப்படுத்தினோம். தகரம் மேலே அப்படியே இருக்கிறது. பேணியும் இருக்கிறது. கதவில் அந்த மூன்று தோட்டத்து எழுத்துகள் தெரியும்படி ஒரு சாண் அளவு இடத்தை வர்ணம் பூசாமல் விட்டோம்.

அந்த ஓகஸ்டிலேயே மூவரும் கிளிநொச்சிக்குப் போனோம். 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது, 12 வருடங்கள் காணாத தமது வயலைப் பார்க்க மாமா இதே வண்டியில்தான் போனார். 2006 ஓகஸ்டில் வீதி மறுபடியும் மூடப்பட்டதும் வண்டியைக் கொட்டிலில் விட்டவர், பின்னர் எடுக்கவில்லை. நாங்கள் ஆனையிறவைக் கடக்கும்போது மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேல் ஓட்ட எனக்குத் துணிவு வரவில்லை. பின்னால் வந்த வான்கள் ஒலியெழுப்பிக்கொண்டு முந்திச் சென்றன. இரணைமடு வாய்க்காலோரம் வண்டியை நிறுத்தியபோது மாமி இறங்கவில்லை. கதவில் கையை வைத்தபடி வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்கை உறிஞ்சி, "இன்னும் அந்த மண்ணெண்ணெய் மணம் போகேல்லை" என்றார்.

எனது மூக்குக்குப் பெற்றோல் மணமே பட்டது. ஆயினும் மாமி சொன்னதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

தடை காலத்து யாழ்ப்பாணத்தில் வண்டிகளை ஓடவைத்த மனிதர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். எனக்கு ஸ்பானர் தந்த முதியவரும் சென்ற வருடம் போய்விட்டார். அவர்கள் நூல் எழுதியவர்கள் அல்லர். அவர்களின் எழுத்து இரும்பிலும் தகரத்திலும் கிடக்கிறது. உங்கள் வீட்டு வளவில் ஒரு பழைய ஒஸ்ரினோ, நீரிறைக்கும் இயந்திரமோ துருப்பிடித்துக் கிடந்தால், அதை இரும்புக்காரனுக்கு நிறுத்துக் கொடுக்குமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். அதைத் திருத்திய கை யாருடையது என்று வீட்டில் மூத்தவரிடம் கேட்டு எழுதிவையுங்கள்.